நிக்கோபாரில் டேனியர்கள் ஏன் நிலைக்கவில்லை?

தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை காலூன்றி நின்ற டேனியர்களால் நிக்கோபாரில் மட்டும் ஏன் நிலைக்க முடியவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆயுதமோ பணமோ இதற்கு முழுக் காரணமல்ல. பெரும்பங்கு ஓர் ஒட்டுண்ணிக்கு உரியது.

டேனியர்கள் 1756 ஜனவரி 1 அன்று அத்தீவுகளைத் தம் குடியேற்றமாக்கிப் 'புதிய டென்மார்க்' என்று அழைத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அது 'ஃபிரெடரிக் தீவுகள்' ஆயிற்று. நிர்வாகமோ சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தரங்கம்பாடியின் கையில் இருந்தது. 1759இல் காய்ச்சல் அவர்களை விரட்டியது. திரும்பி வந்தும் நிலைக்கவில்லை. 1768இல் வந்த மொரேவிய சபை என்ற கிறித்தவப் பிரிவின் மிஷனரிகள் 1787இல் வெளியேறினர். 1778இல் ஆஸ்திரியா செய்த முயற்சியும் சில ஆண்டுகளில் முடிந்தது. டேனியர்கள் 1848இல் தீவுகளைக் கைவிட்டு, 1868இல் பிரிட்டனுக்கு விற்றுவிட்டனர்.

அந்தக் காய்ச்சல் மலேரியா என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால், அதே தீவில் நிக்கோபாரிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது எப்படி? மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகக் கொடியதான ஃபால்சிபாரத்தின் தந்திரம் இதை விளக்குகிறது. அது குடிபுகுந்த சிவப்பணு விறைத்துப்போவதால், மண்ணீரல் அதை வடிகட்டி அழித்துவிடும். அதிலிருந்து தப்ப, ஒட்டுண்ணி ஒரு புரதத்தைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அதன் பிடியால் அணு நுண்ணிய இரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலுக்குப் போகாமலே இருந்துவிடுகிறது. ஆனால் வெளியே நீட்டிய புரதம், நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களின் கண்ணில் படுமே! அதற்காகவே ஒட்டுண்ணியிடம் அப்புரதத்தின் வெவ்வேறு வடிவங்களுக்கென ஏறத்தாழ 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். உடல் ஒன்றை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கும்போது, வேறொன்றுக்கு மாறிய ஒட்டுண்ணிகள் பெருகத் தொடங்கியிருக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி இது.

மலேரியா நிலைத்திருக்கும் ஊரில், பிழைத்து வளரும் குழந்தை இவ்வடிவங்களை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறது. வளர்ந்தபின் தொற்று வந்தாலும் பெரும்பாலும் உயிர் போவதில்லை. கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியரின் உடலுக்கோ ஒரு வடிவமும் பழக்கமில்லை. இறந்தவர்களின் இடத்தை நிரப்ப வந்தவர்களும் அதே நிலையில்தான் கரையிறங்கினர்.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான முதல் சான்றை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். நிக்கோபாரில் நோயைப் பரப்பும் அனாஃபிலஸ் சுண்டைக்கஸ் என்ற கொசு, வெயில் படும் உவர்நீர்க் குட்டைகளில் முட்டையிடுவது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அத்தகைய குட்டைகள் பெருகின. எந்தக் குட்டையில் எந்தக் கொசு வளர்கிறது என்று ஆண்டு முழுவதும் கணக்கெடுக்கும் பூச்சியியலாளர்களுக்கு, நோய் பரவிய பிறகு அல்லாமல் இப்போதே நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.