துருவும் ஆக்சிஜனும்: பழைய பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியை மீட்கும் வேதியியல்

அமெரிக்கப் பண்ணை வீடுகளின் பரண்களிலும் தானியக் கொட்டகைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்து வெளிவரும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் வின்செஸ்டர் மாடல் 1897-ஐ அடிக்கடி காணலாம். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி 1897 முதல் 1957 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. குழலுக்கு அடியில் அதற்கு இணையாகத் தோட்டாக்களைத் தாங்கும் குழாய் ஒன்று ஓடுகிறது. அதன்மேல் நகரும் மரப்பிடியைப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். பல்லாண்டு ஈரத்திலும் தூசியிலும் கிடந்த பிறகு அதன் குழல் செம்பழுப்பாகி, மரப்பிடி இறுகி, தோளில் அணைக்கும் பின்கட்டை எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருக்கும். இம்மூன்று கேடுகளிலும் ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. பழுது நீக்கும்போது நமக்கு உதவுவதும் அதே ஆக்சிஜன்தான் என்பதே இந்தப் பொழுதுபோக்கில் என்னை மிகவும் ஈர்க்கும் விஷயம்.

வேலையைத் தொடங்கும் முன் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்ய வேண்டும். குழலின் அறையை மட்டும் பார்த்தால் போதாது; அடிக்குழாயில் சுருள்வில்லின் அழுத்தத்தில் ஒரு பழைய தோட்டா பல்லாண்டுகளாகக் காத்திருக்கலாம். அடுத்து வருபவை திருகுகள். கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்புப்போல் சரிந்திருப்பதால், விசை கூடும்போது அது திருகின் பள்ளத்திலிருந்து மேலேறி விளிம்பைச் சிதைத்துவிடும். ஆகவே பள்ளத்தின் அகலத்துக்கே பொருந்துமாறு இணைப்பக்கங்களாகத் தேய்த்த நுனி உள்ள திருப்புளியையே துப்பாக்கித் தச்சர்கள் பயன்படுத்துகிறார்கள். துருவில் இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருப்பதே நல்லது.

இனி துருவுக்கு வருவோம். இரும்பும் ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது உருவாகும் செந்துரு, நீரேறிய ஃபெரிக் ஆக்சைடு. அது உருவாவதற்குக் கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உலோகத்தோடு இறுக ஒட்டாமல் பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கிறது. அதன் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அரிப்பு அடியில் தொடர்கிறது. இதற்கு நேர்மாறானது மேக்னடைட் எனும் கரிய ஆக்சைடு. மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என அமைந்த இதில், இரும்பின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றத்தின் முந்தைய நிலையான ஃபெரஸ் நிலையிலேயே நின்றுவிடுகிறது. இது அடர்த்தியானது, உலோகத்தோடு பிடிப்புள்ளது, எண்ணெயைத் தன்னிடம் தக்க வைத்துக்கொள்ளக்கூடியது. பழைய துப்பாக்கிகளில் நாம் வியந்து பார்க்கும் அந்தக் கருநீல மினுக்கம் இந்த ஆக்சைடின் மெல்லிய படலமே.

செந்துருவைக் கரிய ஆக்சைடாக மாற்றுவதற்குக் கொதிக்கும் நீரே போதும். கொதிநிலையை எட்டும்போது நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. புதிய ஆக்சிஜன் கிடைக்காத அந்த வெந்நீரில், அடியிலுள்ள உலோக இரும்பு தரும் ஃபெரஸ் அயனிகள் மேலேயுள்ள ஃபெரிக் துருவோடு இணைந்து மேக்னடைட் உருவாகிறது. குழலை எண்ணெய்ப் பசையின்றிக் கழுவி, நீளமான தொட்டியில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்தால், உள்ளே போகும்போது ஆரஞ்சு நிறமாக இருந்த பகுதிகள் வெல்வெட்போல் கறுத்து வெளிவருவதைக் கண்ணாரக் காணலாம். அந்தக் கரிய தூளை மிக மெல்லிய கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்தெடுத்தால், ஒட்டிய படலம் மட்டும் அடியில் நிற்கும். காய்ச்சி வடித்த நீரையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். குழாய் நீரின் உப்புகள் கறை விடும், அவற்றிலுள்ள குளோரைடு மறுபடியும் அரிப்பைத் தூண்டும்.

இந்த முறையின் பெருமை, துருவேறாத இடங்களில் மிஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பூச்சை அது தொடுவதில்லை என்பதுதான். மணற்காகிதமும் மின்சார மெருகுச் சக்கரமும் எடுத்துக்கொண்டு பளபளவென்று தேய்த்துவிடுபவர்கள் கூர்மையான விளிம்புகளையும் முத்திரை எழுத்துகளையும் சேர்த்தே இழக்கிறார்கள். அமெரிக்காவில் வரிசை எண்ணை நீக்குவதோ மாற்றுவதோ கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும் ஆகும். பூச்சு முற்றிலும் போய்விட்ட குழலுக்கு மட்டுமே, வேண்டுமென்றே மெல்லிய துருவை வளர்த்து, கொதிக்க வைத்து, துடைத்து, இதையே பல சுற்றுகள் திரும்பச் செய்யும் பழைய முறை பொருந்தும். துரு அரித்த குழிகளை எந்த வேதியியலும் நிரப்பாது. அவற்றைக் காணாமற்போகச் செய்வதற்காகக் குழலை அரத்தால் சுரண்டுவது சுவரை மெலிய வைக்கும் என்பதால், குழிகளைக் கறுத்த தழும்புகளாகவே விட்டுவிடுவது நேர்மையான தீர்வு என்பேன்.

மாடல் 1897-இல் பிடியை இழுக்கும்போது தோட்டா அறையை அடைக்கும் பூட்டுத்தண்டு, இயங்கு பாகங்களைத் தாங்கும் இரும்புப் பெட்டியின் பின்புறமாக வெளியே நீண்டு சுத்தியலை மல்லாத்துகிறது. இப்படித் திறந்து மூடும் தடத்தில் தூசி எளிதில் சேரும். அக்கால விலங்கு, தாவர எண்ணெய்களின் நிறைவுறாக் கொழுப்பு மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று ஒன்றோடொன்று பிணைந்து, அந்தத் தூசியோடு பிசினாகிவிடுகின்றன. தேய்ந்துவிட்டதாகக் கருதி ஒதுக்கப்பட்ட பல துப்பாக்கிகள், கரைப்பானில் ஊறவைத்ததும் தடையின்றி நகர்வதுண்டு.

வால்நட் மரத்தாலான பின்கட்டை கறுப்பதற்குக் காரணம், துப்பாக்கியை நிமிர்த்திச் சாய்த்து வைக்கும் வழக்கம். இரும்பில் விட்ட எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கீழிறங்கி, இரும்புப் பெட்டியோடு கட்டை சேரும் கழுத்தில் ஊறி, மர நார்களை மென்மையாக்கிவிடுகிறது. சுண்ணாம்புத் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசினால், கரைந்த எண்ணெய் நுண்துளை ஈர்ப்பால் தூளுக்குள் ஏறிவரும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றிச் செய்ய வேண்டும். பள்ளங்களுக்கு ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் போதும். நீராவி பட்டதும் செல் சுவர்களைப் பிணைக்கும் லிக்னின் இளகி, நசுங்கிய செல்கள் நீரேறி விரிந்து ஏறத்தாழப் பழைய உயரத்துக்கு வருகின்றன. ஆனால் நார் அறுந்த வெட்டுக்காயம் எழும்பாது. முடிவில் தேய்க்கும் ஆளி விதை எண்ணெயும் ஆக்சிஜனை ஏற்றுத்தான் கெட்டிப்படுகிறது. அந்த வினை வெப்பத்தை வெளிவிடுவதால், எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைத்தால் தாமாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதைச் சுடலாமா என்பது தனிக் கேள்வி. கழற்றிய குழலின் வழியே ஒளியைப் பார்த்தால் உட்சுவரில் ஒளிவளையங்கள் ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கருவளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கலாம். பழைய 16 காஜ் (காஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகள் பலவற்றின் அறை 2 9/16 அங்குல நீளமே கொண்டது. இன்றைய 2 3/4 அங்குலத் தோட்டா அதனுள் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது விரியும் அதன் வாய் அறைக்கு முன்னுள்ள குறுகலான பகுதியில் நெருங்கி அழுத்தத்தைக் கூட்டும். ஆகையால், அனுபவமுள்ள துப்பாக்கித் தச்சர் ஒருவர் அறையின் நீளத்தையும் குழற்சுவரின் கனத்தையும் கருவியால் அளந்து பார்த்துச் சொல்லும்வரை, மீட்ட துப்பாக்கியில் தோட்டா ஏற்றக் கூடாது.