கால்சியம் பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது கேஸ். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் வீடு, 8 மாத லேப்ரடார், எடை 36 கிலோ. ஜீப்பிலிருந்து இறக்கியதும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தத்தித் தத்தி வந்தான், மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டான். கூட வந்தவர் ஸ்வெட்டர் பாக்கெட்டிலிருந்து சிரப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "குளிருக்கு வாதம் புடிச்சிருக்கு டாக்டர். கால்சியம் பத்தலையோன்னு டோஸை டபுளாக்கிட்டோம்."

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துக்குள் பாதிகூட உட்காரவில்லை. ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும் கோளாறு. (இந்தப் படத்தை மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை நேராக நீட்டித்தான் எடுக்க வேண்டும். "ஊசி வேணாம், நாங்க புடிச்சுக்கறோம்" என்பவர்களிடம் பேசியே என் பாதி நாள் போகிறது.)

குளிரால் வந்ததில்லை இது. மார்கழி டிசம்பரில் வலி கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். பரம்பரையாக வருவது, அதுவும் ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து. அதனால்தான் தாயும் தகப்பனும் நன்றாக ஓடினாலும் குட்டிக்கு வந்துவிடுகிறது.

கால்சியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் பொறுமையைச் சோதிப்பது அதுதான். எலும்பில் சத்து இல்லாததால் வரும் நோய் இல்லை இது, மூட்டு தளர்ந்திருப்பதால் வருவது. தளர்ந்த மூட்டை எந்த சிரப்பும் இறுக்கிப் பிடிக்காது. குட்டி சிறியதாக இருக்கும்போது அதன் குடலுக்கு 'போதும்' என்று சொல்லத் தெரியாது, ஊற்றுகிற கால்சியத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், கடைசியில் எலும்பு வளர்ச்சிதான் கோணலாகும். பெரிய சாதிக் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது. வெறும் சோறும் கறியும் போடுகிற வீடென்றால் கதை வேறு, அங்கே குறையத்தான் செய்யும், ஆனால் எவ்வளவு என்பதை நாங்கள் கணக்குப் போட்டுத் தருகிறோம், மருந்துக்கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது, "குண்டா இருந்தாத்தான் சார் அழகு". அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால்வாசியைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றில் இந்த இடுப்புக் கோளாறு வெகுவாகக் குறைந்தது, அவை கிட்டத்தட்ட 2 வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. விலாவைத் தடவினால் எலும்பு கையில் பட வேண்டும். படவில்லையா, தட்டில் அள்ளிப் போடுவதைக் குறையுங்கள்.

நம் மலையில் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 40 படி இறங்குவது சாதாரணம். 3 மாதம் ஆகாத குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள், ப்ளீஸ். புல்லிலும் மண்ணிலும் இஷ்டத்துக்கு ஓட விடுங்கள், அது நல்லது. வீட்டுக்குள் டைல்ஸ் தரை என்றால் பழைய சாக்கையாவது விரியுங்கள். உங்கள் மூட்டு வலி மாத்திரையை நாய்க்குப் பாதி உடைத்துக் கொடுப்பதை இன்றோடு விடுங்கள், இரைப்பை புண்ணாகி, சிறுநீரகம் போய் வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். எழுந்திருக்கத் தடுமாறினால் 'வளர்ந்தா சரியாயிடும்' என்று ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். 5 மாதத்துக்குள் வந்தால் செய்யக்கூடிய சின்ன அறுவை சிகிச்சை ஒன்று உண்டு, அதற்கப்புறம் அந்த வழி அடைபட்டுவிடும்.

சிறுத்தை பயத்துக்காக ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வீலர் என்று தேடுகிறீர்கள். சரி, வாங்குங்கள். 2 வயதுக்கு மேல் எடுத்த தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள். சான்றிதழும் கோப்பையும் காட்டினால் படத்தைக் கேளுங்கள்.

கோத்தகிரிக்காரருக்கு வலி மருந்தும் உணவு அளவும் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார், "வர்ற வருஷம் மேட்டிங்குக்குப் பேசி வெச்சிருக்கோம் டாக்டர், ஒரு குட்டி தர்றேன்னுட்டாங்க. விடலாமில்ல?"

உட்காரச் சொல்லி, எக்ஸ்ரேயை மறுபடி விளக்கில் மாட்டினேன்.