முதுகில் கை வைப்பதற்கும் ஊசி குத்துவதற்கும் முன்னால்

தசையையும் மூட்டையும் கையால் அழுத்தியும் நீட்டியும் செய்யும் ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சைக்கும் அக்குபஞ்சருக்கும் என்னிடம் வருபவர்களில் பலர் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். "இடுப்பில் ஏதோ விலகிவிட்டது டாக்டர், ஒரு சொடக்கு எடுத்துவிடுங்கள்" என்பார்கள். அல்லது, "மாத்திரையே வேண்டாம், ஊசி மட்டும் குத்துங்கள்" என்பார்கள். நானோ கை வைக்காமல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வலியோடு வந்தவருக்கு அது நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் இந்த இரண்டு சிகிச்சைகளிலும் உங்கள் பாதுகாப்பு பெரும்பாலும் அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

முதுகு வலி, கழுத்து வலி என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தசையிலோ மூட்டிலோ ஏற்பட்ட வலி, சில வாரங்களில் தானாகவே குறையும். ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி வலிக்கும் வேறு நோய்களும் உண்டு. வேறு உறுப்பிலிருந்து முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய், எலும்பில் பிடித்த காசநோய், எலும்பு வலுவிழந்ததால் வந்த முறிவு, இதெல்லாம் முதலில் சாதாரண முதுகு வலியாகத்தான் தெரியும். ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட வயதானவர் ஒருவர், குனிந்து எழுந்தபோது பிடித்துக்கொண்டதாகச் சொல்லி வருகிறார் என்று வையுங்கள். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்காமல் அவருடைய முதுகை அழுத்தினால் என்ன ஆகும்? அங்கே ஏற்கனவே நொறுங்கியிருக்கும் எலும்பு இன்னும் நொறுங்கலாம். அவருக்கு முதல் தேவை எக்ஸ்ரே.

அதனால், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், இரவில் படுத்தாலும் விடாத வலி, முன்பு வந்த புற்றுநோய், கீழே விழுந்தது, இவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இன்னொன்றைச் சொல்லக் கூச்சப்படவே கூடாது. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு கால்களும் பலவீனமாவது. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. கைமுறைச் சிகிச்சைக்கும் ஊசிக்கும் இங்கே வேலையே இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதமானால் அந்த நரம்புகள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாமலே போகலாம்.

சரி, கேள்விகள் முடிந்தன, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை. அப்புறம் என்ன நடக்கிறது?

ஆஸ்டியோபதியை 1874-இல் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். இன்று அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்கள். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் சட்டப்படி பதிவு பெற்ற கைமுறைச் சிகிச்சையாளர். மருத்துவப் பட்டம் என்பது வேறு, அது அவரிடம் இருக்க வேண்டியதில்லை. வேறு பல நாடுகளில் பதிவு முறையே கிடையாது. அதனால் உங்கள் முதுகைத் தொடப்போகிறவர் என்ன படித்தார், எங்கே எத்தனை காலம் பயின்றார், பதிவு உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை. ஒழுங்காகப் படித்தவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பலரும் எதிர்பார்ப்பது அந்தச் 'சடக்' சத்தத்தைத்தான். சத்தம் வந்தால் எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழ் ஒன்று உருவாகிறது, அதோடு வருவதுதான் சத்தம். 2015-இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள்ளேயே விரல் மூட்டைச் சொடுக்கி இதைப் படமாகவே பிடித்தார்கள். வலி குறைவதற்குச் சத்தம் அவசியமே இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே, சத்தத்துக்காக மீண்டும் மீண்டும் முறுக்கிக்கொள்ளும் பழக்கம் குறையும்.

கைமுறைச் சிகிச்சையில் மென்மையான வழிகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் என் கையை மெதுவாகத் தள்ள வேண்டும், நான் சில விநாடி தடுத்துப் பிடிப்பேன், பிறகு தளர்த்தும்போது அந்தத் தசை இன்னும் கொஞ்சம் நீளும். இது ஒரு முறை. வலிக்கும் தசையைச் சுருக்கி, வலி குறையும் நிலையில் சுமார் 90 விநாடி வைத்திருப்பது இன்னொன்று. சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம், அது இயல்பு. மண்டையோட்டு எலும்புகளை லேசாக அசைத்துப் பல நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் முறையும் இந்தத் துறைக்குள் இருக்கிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்து எலும்புகளில் இருக்கும் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். சிலருக்கு அந்தக் கிழிசல் முன்பே இருந்து, அதனால் வந்த கழுத்து வலிக்காகவே சிகிச்சைக்குப் போயிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான்: இதுவரை வராத மாதிரி திடீரென்று கழுத்து வலியோ பின்தலை வலியோ வந்தால், யாரையும் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். அதோடு பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாதது, நடை தள்ளாடுவது ஏதாவது இருந்தால் அது அவசர நிலை. முடக்குவாத நோய் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருப்பவர்களுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் மேல் கழுத்து மூட்டே தளர்ந்திருக்கலாம் என்பதால் அவர்களுக்கு வேகமான திருப்பல் கூடவே கூடாது. நான் யாருக்குமே கழுத்தில் அதைச் செய்வதில்லை. மென்மையான முறையிலும் பயிற்சியிலும் குறையக்கூடிய வலிக்கு அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அக்குபஞ்சருக்கு வருவோம். ஊசி கால் மில்லிமீட்டர் கனம்தான், மருந்து எதுவும் உள்ளே போகாது. குத்திய இடத்தில் மந்தமான வலியும் கனத்த உணர்வும் வரலாம். சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை நகர்த்த வேண்டும்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேர். முறைப்படி அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. அக்குபஞ்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஆக, ஊசியால் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பதால் வரும் வித்தியாசம் சிறியது. நாள்பட்ட முதுகு வலி, மூட்டுத் தேய்மான வலி, ஒற்றைத் தலைவலி, கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டல் ஆகியவற்றுக்கு இதைத் துணைச் சிகிச்சையாகத் தயங்காமல் சொல்வேன். சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ ஊசியால் குணமாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இன்சுலினையோ, ரத்த அழுத்த மாத்திரையையோ, வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொல்பவரிடம் ஒரு நாள்கூடப் போகாதீர்கள். இப்படி நிறுத்தியதால் வரும் கெடுதல் ஊசியால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது.

ஊசி உங்கள் கண்முன் பிரிக்கப்படும் புதிய, ஒரே முறை பயன்படுத்தும் ஊசியாக இருக்க வேண்டும். கழுவி மறுபடி பயன்படுத்திய ஊசிகளால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவிய வரலாறு உண்டு. வெறும் வயிற்றில் போகாதீர்கள், படுத்த நிலையிலேயே குத்திக்கொள்ளுங்கள். முதல் முறை சிலருக்கு மயக்கம் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை வேண்டாம்.

எத்தனை தடவை வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நாலைந்து அமர்வுகளில் நடை, தூக்கம், அன்றாட வேலை ஏதாவது ஒன்றில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நோயைக் கண்டறிந்ததையே மறுபடி பார்ப்பேன். முதல் நாளே முப்பது அமர்வுக்கு மொத்தப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, தோள், மேல்முதுகு, மார்புப் பகுதியில் அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு ஒன்று. அங்கே நுரையீரல் தோலுக்கு மிக அருகில் இருக்கிறது, மெலிந்தவர்களுக்கு இன்னும் அருகில். ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். அறிகுறி அப்போதே தெரியலாம், வீட்டுக்குப் போன பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். மூச்சு இழுக்கும்போது மார்பில் குத்தல், மூச்சுத் திணறல், வறட்டு இருமல் வந்தால் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கிருக்கும் மருத்துவருக்கு அது தோன்றாமலே போகலாம்.