களி உருண்டைக்குள் பொட்டாசியம்

கோபிச்செட்டிபாளையத்தில் பெரியம்மா தோட்டத்துச் சாளை. ஒரு மூலையில் வாழைக்குப் போட்டது போக மிச்சமான பொட்டாஷ் (பொட்டாசியம் உரம்) மூட்டை, வாசலில் சாணி எரு அள்ளும் கூடை. ராகிக் களி கிண்டிக்கொண்டே பெரியம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, பொட்டாஷ் போட்டு வெளைஞ்சதுல கதிரியக்கம் இருக்குதாமா? ஆர்கானிக்குல இல்லைங்கறாங்களே, நெசமா?"

முதல் பாதி நிஜம்தான். அந்த மூட்டை பக்கத்தில் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைக் கொண்டுபோனால் டிக் டிக் சத்தம் கூடும். பொட்டாசியத்தில் சுமார் 8,500 அணுக்களுக்கு ஒன்று பொட்டாசியம்-40. அது தானாகவே சிதைந்து கதிரை வெளியிடும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் இப்படிச் சிதைகின்றன. 50 கிலோ மூட்டையில் பாதி எடை பொட்டாசியம் என்றால், நொடிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேல்!

ஆனால் இதை உரக் கம்பெனி கலக்கவில்லை. பூமி உருவானபோதே உடன் வந்தது. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள் என்பதால் இன்னும் தீரவில்லை. சாணி எருவில், அடுப்புச் சாம்பலில், காங்கேயம் சிவன்மலைப் பாறையில் இருக்கும் பொட்டாசியத்திலும் இதே விகிதம்தான். யூரியாவில் பொட்டாசியமே கிடையாது. ஆக, ரசாயன உரம் என்றாலே கதிரியக்கம் என்பதும் தப்பு.

ராகிப் பயிரின் வேருக்கு மூட்டையில் வந்ததும் மாட்டுக் கொட்டகையில் வந்ததும் ஒன்றுதான். மண்ணில் கரைந்த பொட்டாசியத்தைத் தன் தேவைக்கு இழுத்துக்கொள்கிறது. பொட்டாஷ் அதிகம் போட்டால் இலையும் தண்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். தானியத்தில் பெரிதாக மாறாது.

யோசிக்க வேண்டிய இடம் டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற பாஸ்பேட் உரங்கள். இவற்றின் மூலப்பொருளான பாஸ்பேட் பாறை பெரும்பாலும் பழங்காலக் கடலடியில் படிந்தது. கடல்நீரிலிருந்து கதிரியக்கமுள்ள யுரேனியமும் அதில் சேர்ந்திருக்கிறது. பல வருடம் போட்டால் மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நல்லவேளையாக, பயிர் அதை மேலே ஏற்றுவது மிகச் சொற்பம். பெரும்பகுதி மண்ணிலும் வேரிலும் தங்கிவிடும். இன்னொன்று: இயற்கை விவசாய விதிகளிலும் பொடித்த பாறை பாஸ்பேட்டுக்கு அனுமதி உண்டு. பாறை அதேதான்.

பூச்சிமருந்து வேண்டாம், மண் பிழைக்கட்டும் என்று இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. கதிரியக்கத்துக்குப் பயந்து மட்டும் யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வித்தியாசம் தானியத்துக்குத் தானியம்தான். 100 கிராம் ராகி மாவில் நொடிக்குச் சுமார் 12 சிதைவுகள். தீட்டிய வெள்ளை அரிசியில் மூன்று போல. தவிட்டோடு பொட்டாசியமும் போய்விடுவதுதான் காரணம். அதற்காக ராகியை ஒதுக்கினால் நஷ்டம் நமக்கே. பொட்டாசியம் இல்லாமல் தசையும் இதயமும் இயங்காது. நம் உடம்பில் எந்நேரமும் சுமார் 140 கிராம் இருக்கிறது. அதிலேயே நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் சிதைவுகள். கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரகம் வெளியே தள்ளி அளவைச் சரியாக வைத்துக்கொள்ளும். இயற்கையாக நம்மேல் படும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதில் இந்தப் பொட்டாசியத்தின் பங்கு 0.17தான்.

"அப்ப எனக்குள்ளயும் டிக் டிக்குதா?" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். உருண்டையில் குழி பண்ணிக் கீரைக் கடைசலை ஊற்றி, வட்டிலை என் பக்கம் நகர்த்தினார். கீரையிலும் பொட்டாசியம் நிறைய.