கல்மரத்த கலர வச்சு கண்டுபிடிக்க முடியாது

அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல, ஹோல்புரூக் ஊருக்கு கிழக்க போனா, பொட்டல் வெளில அடிமரம் அடிமரமா கெடக்கும். கணு இருந்த எடம் கூட தெரியும், ஆனா கைல எடுத்தா தான் அது முழுக்க கல்லா மாறின மரம், அதாவது கல்மரம்னு புரியும். 20 கோடி வருஷத்துக்கும் முந்தி, ட்ரையாசிக் காலத்துல, ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு வந்து போட்ட மரங்க இது. சேறும் மணலும் சீக்கிரமே மூடிட்டதால ஆக்சிஜன் போகல, அது இல்லாம பூஞ்சையால மரத்த மக்க வைக்க முடியாது. அந்த சேத்துல எரிமலை சாம்பலும் கலந்திருந்துச்சு, சாம்பல்ல இருந்த சிலிக்கா (மணல்ல இருக்கற அதே பொருள்) நிலத்தடி தண்ணில கரைஞ்சு மரத்துக்குள்ள ஊறி, செல் சுவத்துல படிஞ்சு, காலியா இருந்த எடத்தையும் அடைச்சு, கடைசில குவார்ட்ஸ்ங்கற கெட்டியான கல்லா இறுகிடுச்சு.

செவப்பு, மஞ்சள்னு மின்னுதே அதெல்லாம் தண்ணில வந்த இரும்பு, கருப்பா இருந்தா பெரும்பாலும் மாங்கனீசு. அது என்ன மரம்னு கலர் சொல்லவே சொல்லாது. நெறைய பேரு கலருக்கு மயங்கி வரி வரியா கலர் ஓடற சாதா அகேட் கல்லயும் கல்மரம்னு பைல போட்டுக்கறாங்க, ரெண்டுமே குவார்ட்ஸ் வகைங்கறதால கத்தியால கீறி பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, ரெண்டுலயும் கோடு விழாது.

பாக்க வேண்டியது குறுக்குவெட்டு முகம். நல்ல வேளையா குவார்ட்ஸ் சட்டுனு ஒடையற ஜாதி, நிலம் மேல எழும்புனப்போ மரமெல்லாம் குறுக்கால நேரா ஒடைஞ்சு கெடக்கு, யாரும் அறுத்து போட்டதில்ல. அந்த முகத்துல கொஞ்சம் தண்ணி ஊத்தி, பத்து மடங்கு பெருசா காட்டற லென்ஸ கண்ணுகிட்ட வச்சு வெயில்ல சாய்ச்சு பாருங்க. நடுவுல இருந்து வெளிப்பக்கமா சின்ன சின்ன செல் வரிசை வரிசையா ஓடுச்சுனா அது ஊசியிலை மர வகை, அரிசோனால பெரும்பாலும் இதான். வரிசைக்கு நடுவுல பெரிய பெரிய ஓட்டை தெரிஞ்சா பூக்கற மர வகை. ஆனா ட்ரையாசிக் காலத்துல பூக்கற மரமே கெடையாது, அதனால அந்த பாறை அடுக்குல ஓட்டை தெரியுதுனா ஒண்ணு கல்லு வேற எடத்துல இருந்து வந்திருக்கு, இல்ல நாம தப்பா பாக்கறோம். வளையமே இல்லாம புள்ளி புள்ளியா இருந்தா பனை வகையானு யோசிக்கணும், அதுவும் இவ்வளவு பழைய பாறைல வராது. அகேட்லயும் வளையம் வரும், ஆனா அத குறுக்க வெட்டிட்டு போற செல் வரிசை இருக்காது.

வருத்தமான விஷயம், கண்ண பறிக்கற அரிசோனா மரங்கள்ல நெறையதுல செல்லே மிஞ்சல, குவார்ட்ஸ் படிகம் வளந்து எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. என்ன கேட்டா அழுக்கு பழுப்புல இருக்கற மொக்க துண்டுல தான் நெறைய சமயம் விஷயமே இருக்கு.

அங்க இருக்கற தேசிய பூங்காவுக்குள்ள ஒரு சில்லு கூட எடுக்க கூடாது. 1906லயே பாதுகாத்த எடம் அது. வெளில மத்திய அரசோட பொது நிலத்துல, தடை போடாத எடமா இருந்தா, சொந்தத்துக்குனு ஒரு ஆளு ஒரு நாளைக்கு 25 பவுண்டு எடையும் (சுமார் 11 கிலோ) கூட ஒரு துண்டும் எடுக்கலாம், வருஷத்துக்கு 250 பவுண்டுக்கு (சுமார் 113 கிலோ) மேல போக கூடாது, விக்கவும் கூடாது. முனை மழுங்கி உருண்டிருந்தா ஓடைல உருண்டு வந்தது, கூரா இருந்தா தாய் மரம் பக்கத்துலயே மேட்டுல இருக்கலாம். எடுத்த உடனே ஜிபிஎஸ் இடமும் எந்த பாறை அடுக்குங்கறதும் எழுதி ஒட்டிடுங்க, அது இல்லாம வயச பத்தி பேசவே முடியாது. பூங்கால இருந்து திருடிட்டு போனவங்க மனசு கேக்காம லெட்டரோட திருப்பி அனுப்பற கல்லயும் இதனால தான் பழைய எடத்துல வைக்க முடியல, எங்க இருந்து எடுத்ததுனு தெரியாததால ஆராய்ச்சிய கொழப்பும்னு தனியா ஒரு எடத்துல குவிச்சு போட்டிருக்காங்க.