மிளகாய்த் தொட்டியில் மூழ்கிச் சாகும் வேர்

தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடி வாடித் தொங்கினால் கை தானாகவே தண்ணீர்க் குவளையைத் தேடும். அப்படி ஊற்றி ஊற்றியே இரண்டு செடிகளைக் கொன்றிருக்கிறேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. தாகத்தால் அல்ல, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களின் இடுக்குகளில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது வளரவும் உப்புகளை உள்ளிழுக்கவும் ஆற்றல் பெறுகிறது. இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். நீரில் நின்றுகொண்டே இலை வாடும்.

ஒரு ஸ்பாஞ்சை நனைத்து உள்ளங்கையில் படுக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் தூக்கிப் பிடியுங்கள். மறுபடியும் சொட்டும்! நுண்துளைகள் நீரைப் பிடித்து நிறுத்தும் உயரம் மாறவில்லை. மேலே காலியாகும் பகுதிதான் கூடியது. தொட்டி மண்ணும் இதேபோலத்தான். எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு சதசதப்பான அடுக்கு மிஞ்சும். தொட்டி உயரமாக இருந்தால் அதற்கு மேலே வேருக்குக் காற்றுள்ள இடம் அதிகம். அடியில் சரளைக்கல் பரப்புவது நன்மை என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து கற்களின் பெரிய இடுக்குகளுக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும். செடி ஒன்றுக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி, தென்னை நார்க்கழிவு கலந்த பொலபொலப்பான மண், விரல் நுழைத்துப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகே நீர்.

பெயின்ட், பூச்சிமருந்து இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் தொட்டியாக்க வேண்டாம். மட்காத சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். நன்கு மட்கிய உரமே போடுங்கள்.

காயைப் பறித்து நறுக்கும்போது இன்னொரு ஆபத்து. காரம் விதையில் இருப்பதாக நினைக்கிறோம்; காரம் தரும் கேப்சைசின் என்ற வேதிப்பொருள் உருவாவது விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் திசுவில். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியை அது தூண்டுவதால், சுடாத காய் சுடுகிறது. இங்கும் தண்ணீர் உதவாது, ஏனெனில் கேப்சைசின் அதில் எளிதில் கரையாது. கையில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துப் பிறகு சோப்புப் போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவரென்றால் நறுக்கும்போதே கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; கழுவிய விரலையும் அன்று நம்ப வேண்டாம்.