கவுண்ட் ஏறாத வாரம்

புற்றுநோய்க்கான மூன்றாவது கீமோவுக்காகக் காலையில் கிளம்பிப் போன அக்கா, மருந்து ஏற்றாமலே மதியம் வீடு திரும்பிவிட்டாள். "ரத்தத்தில் வெள்ளையணு கவுண்ட் குறைவாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் அப்போது எதுவும் கேட்கவில்லை. இரவு 11 மணிக்கு என்னைப் போனில் அழைத்தாள். "சித்தி, மருந்து இனிமேல் பலிக்காது என்று நிறுத்திவிட்டார்களா? ஒரு வாரத்தில் கட்டி வளர்ந்துவிடாதா?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கின்றன. புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுவதுதான். ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் ஓயாமல் இயங்கும் பட்டறைகளே. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவை மட்டும் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி தயாரிக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு என்பதால் அத்தனை தேவைப்படுகிறது.

மருந்து ஏறிய மறுநாளே எண்ணிக்கை விழுந்துவிடாது. முதிர்ந்து வெளியேறக் காத்திருக்கும் அணுக்கள் இனிப் பிரிவதில்லை, ஆகவே தப்பித்துவிடுகின்றன. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் பள்ளம் தெரியும். பல மருந்துகளில் அது 7 முதல் 14 நாட்களுக்குள் வரும். மஜ்ஜையின் மூலச் செல்களில் பெரும்பகுதி உறங்கிக் கிடப்பவை. மருந்தின் பிடியில் சிக்காத அவை விழித்து மறுபடி வேலையைத் தொடங்கும். பல கீமோக்களுக்கு 21 நாள் இடைவெளி வைத்திருப்பதே இந்த மீட்சிக்காகத்தான். சிலருக்கு மஜ்ஜை இன்னும் சில நாள் கேட்கிறது. பல இடங்களில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500 நியூட்ரோஃபில் இருந்தால்தான் அடுத்த மருந்து. அக்காவுக்கு அன்று 900. மருந்து தோற்றுவிட்டது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

கவுண்டை ஏற்ற ஊசி உண்டு. ஃபில்கிராஸ்டிம் என்ற அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1991-இல் அனுமதி கிடைத்தது. மஜ்ஜையை முடுக்கிவிடுவதால் இடுப்பும் முதுகும் குடையும். அம்மா இரவில் முனகுவதைக் கேட்டு, எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பிள்ளை தனக்குள் நடுங்கும். ஊசி போட்ட அன்றே இதைச் சொல்லிவைத்தால் என்ன? கவுண்டை ஏற்றும் என்று பலரும் சொல்லும் மாதுளையை ருசிக்காகச் சாப்பிடட்டும்; பப்பாளி இலைச் சாற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கவுண்ட் குறைந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பெண்ணின் பயம் வெறும் கற்பனை என்றும் நான் சொல்ல மாட்டேன். அவள் இணையத்தில் தேடியிருக்கிறாள். 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, புற்றுநோய்ச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் கூடுவதாகக் கூறியது. உண்மைதான். ஆனால் அது கணக்கிட்டது சிகிச்சை தொடங்குவதில் ஏற்படும் தாமதத்தை. தொடங்கிவிட்ட சிகிச்சையின் நடுவே, ரத்தம் தேறுவதற்காக மருத்துவர் ஒரு வாரம் நிறுத்திவைப்பது வேறு கணக்கு. கிருமித் தொற்றில் படுத்துவிட்டால் இழக்கும் வாரங்கள் அதைவிட அதிகம். தேதி கிடைக்கவில்லை, காப்பீட்டு அனுமதி வரவில்லை என்று சிகிச்சை தள்ளிப்போனால், அப்போது வீட்டிலுள்ள பெரியவர்கள் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் அவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரைக் கணினியில் ஒரு விளையாட்டு ஆட வைத்தார்கள். கல்லைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி. 2016-இல் வெளியான முடிவு இது: அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருந்தபோதுதான் ஆட்டக்காரர்களின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. மூளையை வாட்டுவது கெட்ட செய்தி மட்டுமல்ல, எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிலையும்தான். பதின்வயதில் இது இன்னும் கடுமை. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அந்த வயதில் வெகு சுறுசுறுப்பு. அதை அடக்கி நிதானிக்கும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி முழுதாக முதிர 20-களின் நடுப்பகுதி ஆகிவிடும். இந்நிலையில் "ஒன்றுமில்லை, நீ போய்ப் படி" என்கிறோமே, அந்தக் கல்லை அவள் கையில் கொடுப்பதே நாம்தான்.

அக்காவிடம் பேசி, ரத்தப் பரிசோதனைத் தாளை மகளிடமே கொடுக்கச் சொன்னேன். 900 என்ற எண், 1,500 என்ற எல்லை, அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை: மூன்றையும் நாள்காட்டியில் எழுதினாள். மனத்தை அரிக்கும் எண்ணங்களுக்கு மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கினாள்; மற்ற வேளையில் தலைதூக்கினால் ஒரு வரி குறித்துவைத்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுவாள். உளவியலாளர்கள் 1980-களிலிருந்தே சொல்லிவரும் உத்தி இது. முதல் இரண்டு நாள் பலிக்கவில்லை என்று சண்டைக்கு வந்தாள். வீட்டில் பேச முடியாத பிள்ளைகளுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

வியாழக்கிழமை பகல் அவளிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதில் எண் மட்டும்தான் இருந்தது: 1,700.